அப்பாவின் கோட்டும் அறுபத்தாறு கூப்பனும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அம்மா பரணை ஒழிச்சுத் தரச் சொன்னாங்க. ஸ்டூல் மேல ஸ்டூல் போட்டு ஏறினதும், மேலேருந்து விழாம இறங்கினதும் தனிக் கதை. கடைசியா ஒரு டிரங்குப் பெட்டி இறங்குச்சு. பித்தளைச் சாமானுக்கு அடியில, பழைய தினசரியில சுத்தி, அப்பாவோட கோட்டு சூட்டு. காப்பிப்பொடிக் கலர். 1976ல் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைச்சது. அதுக்கப்புறம் அவர் அதைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. வேட்டி சட்டை மனுஷன். பீரோ வாங்கறதுக்கு முன்னாடி பல வருஷம் ஜன்னலோரம் ஆணியில தொங்கினதாம். வெயில் பட்டு ரெண்டு முன்பக்கமும் டீ கலருக்கு வெளுத்திருந்தது.

அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு.

அம்மா துணியை விரலால தேய்ச்சுப் பார்த்தாங்க. அவங்க உஷா மெஷின் மிதிச்சு எங்களைப் படிக்க வெச்சவங்க, கை தானா அப்படித்தான் போகும். "நல்ல துணிடா. பூச்சி அரிக்கலை. பேத்திக்கு ஒரு பாவாடையும் குட்டிக் கோட்டும் வரும். பிரிச்சுடவா?"

வேண்டாம்னேன். ஏன்னு கேட்டாங்க. சொல்லத் தெரியலை. "அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஊர்லேருந்து திரும்பற ரயில்ல இதே நினைப்பு. யாரும் போடாத துணி. போட வேண்டியவர் இல்லை. வெட்டினா உபயோகம், வெட்டலைன்னா ஞாபகம். இந்தக் கேள்வியை ஒரு காலத்துல ஒரு தேசமே கேட்டுக்கிட்டு இருந்திருக்கு, அதுவும் அரசாங்கமே போஸ்டர் ஒட்டிக் கேட்க வெச்சிருக்கு. இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டன். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு ஆணி அதிகம்ங்கறதால தள்ளிப் போட்ட விஷயம். இப்ப எழுதிடறேன்.

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்களும் விடுமுறை, கடை கிடையாது. காலையில ரேடியோவில் ஆலிவர் லிட்டில்டன் பேசறார். வர்த்தக வாரியத் தலைவர், நம்ம கணக்குல வர்த்தக மந்திரி. இன்னையிலேருந்து துணிக்கும் ரேஷன்னு சொன்னார். விஷயம் முன்னாடியே கசிஞ்சிருந்தா ஜனங்க கடையை மொத்தமா வழிச்சு எடுத்திருப்பாங்க. அதனாலதான் ரகசியமா, விடுமுறை நாளாப் பார்த்து அறிவிச்சாங்க. துணிக்குன்னு தனிப் புத்தகம் அச்சடிச்சாக்கூட ஊருக்குத் தெரிஞ்சுடும்ங்கறதால, எல்லார் கையிலும் ஏற்கெனவே இருந்த உணவு ரேஷன் புத்தகத்துல உபயோகப்படாம இருந்த மார்ஜரின் கூப்பனையே துணிக் கூப்பனா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. வெண்ணெய்க்குப் பதிலா கால்சட்டை :-)

சர்ச்சிலுக்கு இதுல ஆரம்பத்துல இஷ்டமே இல்லை. ஜனங்களைக் கந்தல்ல பார்க்க வேண்டாம்ங்கறது அவர் நினைப்பு. ஆனா வேற வழியில்லை. பருத்தியும் கம்பளியும் கப்பல்ல வரணும். கப்பலை ஜெர்மன்காரன் மூழ்கடிக்கிறான். துணி மில் ஆளுங்க ஆயுதத் தொழிற்சாலைக்கு வேணும். போதாததுக்கு, போர் நடக்க நடக்க நாட்டுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் ஏதோ ஒரு சீருடையில இருந்தாங்க. அத்தனை சீருடைக்கும் துணி எங்கேருந்து வரும்? பழைய துணி அலுத்துப் போச்சுன்னா, அதையே போட்டுக்கறது மூலமா விமானத்துக்கும் பீரங்கிக்கும் உங்க பங்கைக் கொடுக்கறீங்கன்னு நினைச்சுக்குங்கன்னு லிட்டில்டன் அன்னைக்கே சொல்லிட்டார்.

இப்ப கணக்கு. முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். ஆம்பளையோட ஓவர்கோட்டுக்கு 16. கம்பளி சூட்டுன்னா ஜாக்கெட்டுக்கு 13, உள்ளே போடற வெயிஸ்ட்கோட்டுக்கு 5, கால்சட்டைக்கு 8, ஆக 26. ஷூவுக்கு 7. பெண்களோட கம்பளி உடுப்புக்கு 11, பருத்தின்னா 7. ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடிக்கு 2. ரெண்டு கைக்குட்டைக்கு 1. பணம் தனி, கூப்பன் தனி. கூப்பன் கொடுத்தா இலவசம்னு நினைச்சுடாதீங்க. கூப்பன்ங்கறது வாங்கறதுக்கான அனுமதி மட்டும்தான்.

சூட்டு 26, ஷூ 7 போக மீதி 33. சட்டை, உள்ளாடை, சாக்ஸ், பைஜாமான்னு பார்த்தா வருஷத்துக்கு ஒரு செட்டு தேறும், அவ்வளவுதான். அதுவும் நிக்கலை. 1942ல் வருஷத்துக்கு 48ன்னு இறங்குச்சு, அப்புறம் 36. போர் முடிஞ்ச பிறகு, 1945 செப்டம்பர்லேருந்து 1946 ஏப்ரல் வரைக்குமான எட்டு மாசத்துக்குக் கொடுத்தது வெறும் 24. ஜெயிச்சவங்க நிலைமை இது!

எதுக்கெல்லாம் கூப்பன் வேண்டாம்ங்கற பட்டியல் இன்னும் சுவாரஸ்யம். தையல் நூல், கிழிசல் தைக்கற கம்பளி நூல், ஷூ லேஸ், எலாஸ்டிக், மூணு அங்குலத்துக்கு மேல போகாத நாடா, தொப்பி, ஜன்னலை மறைக்கற இருட்டடிப்புக் கறுப்புத் துணி. அப்புறம், பழைய துணி. ஏற்கெனவே ஒருத்தர் போட்டது எதுவா இருந்தாலும் கூப்பன் கிடையாது.

இந்தப் பட்டியலைத் தையல் தெரிஞ்ச ஒரு பொம்பளை கையில கொடுத்துப் பாருங்க. புதுத் துணிக்கு வழியில்லை, நூலுக்கு இருக்கு, பழைய துணிக்கு இருக்கு. அவ்வளவு போதாதா? இருட்டடிப்புத் துணி பாவாடையாச்சு. போர்வை ஓவர்கோட்டாச்சு. போர்டு ஆஃப் டிரேட் உருவாக்கின பிரசாரத்துக்கு 'மேக் டூ அண்ட் மெண்ட்'னு பேரு. நம்ம பாஷையில, இருக்கறதை வெச்சு ஒப்பேத்து, கிழிஞ்சதைத் தை.

1943ல் இதே பேர்ல மூணு பென்ஸ் விலையில ஒரு புத்தகம் போட்டாங்க. முன்னுரை அப்போதைய வர்த்தக வாரியத் தலைவர் ஹியூ டால்டன். அந்தச் சின்னப் புத்தகத்துல இல்லாத தையல் சமாசாரம் கிடையாது. முழங்கை தேய்ஞ்சா எப்படி ஒட்டுப் போடறது, ரெண்டு பழைய கவுன்ல நல்ல பகுதியை மட்டும் எடுத்து ஒரு கவுன் தைக்கறது எப்படி, பூச்சி அரிக்காம வைக்கறது எப்படி. பணக்கார ஆம்பளைங்க கோல்ஃப் ஆடப் போட்ட தொளதொள அரைக்கால் பேண்ட் ஒண்ணு இருந்தா பள்ளிக்கூடப் பையனுக்கு ரெண்டு டிரவுசர் தேறும்ங்கற அளவுக்கு விவரம். பிரசாரத்துக்கு ஒரு கார்ட்டூன் பொம்மையம்மா வேற, பேரு மிஸஸ் ஸோ அண்ட் ஸோ. இங்கிலீஷ்ல ஸோன்னா தைக்கறது. 'இன்னார்'னு சொல்றதுக்கும் ஸோ அண்ட் ஸோ. மந்திரி ஆபீஸ்லயும் மொக்கை போட்டிருக்காங்க பாருங்க.

டோனியா நாக்ஷன்ங்கற ஓவியர் வரைஞ்ச போஸ்டர் ஒண்ணு இருக்கு. உங்க அலமாரியைக் குடைஞ்சு பாருங்கன்னு சொல்ற போஸ்டர். உபயோகப்படாம தொங்கற துணியை வெளிய எடு, வெட்டு, வேற ஒண்ணா தை. மகளிர் சங்கங்கள்லயும் சாயங்கால வகுப்புகள்லயும் இதைச் சொல்லிக் கொடுத்தாங்க. குழந்தைங்க துணியை மாத்திக்கறதுக்கு டபிள்யூ.வி.எஸ். தொண்டர்கள் பரிமாற்ற மையமே நடத்தினாங்க. சின்னதாப் போனதைக் கொடுத்துட்டுப் பெருசை எடுத்துக்கிட்டுப் போகலாம்.

சரி, அலமாரியைக் குடைஞ்சா என்ன இருக்கும்? பொம்பளைங்க துணியில பாதி தேய்ஞ்சிருக்கும். தேயாம, மடிப்புக் கலையாம, நல்ல கம்பளியில தொங்கறது புருஷனோட சூட்டு. அவன் சீருடையில எங்கேயோ பாலைவனத்துல இருக்கான். சூட்டு இங்க இருக்கு. பூச்சி அரிச்சாலும் அரிக்கும்.

அமெரிக்காவுல இதைச் சுத்தி வளைக்காமச் சொல்லிக் கொடுத்தாங்க. ஸ்பூல் காட்டன் கம்பெனி 1942ல் 'மேக் அண்ட் மெண்ட் ஃபார் விக்டரி'ன்னு ஒரு புத்தகம் போட்டுது. நூல் விக்கறவங்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா! ஆம்பளை சூட்டைப் பிரிச்சுப் பெண்ணுக்கான ஜாக்கெட்டும் ஸ்கர்ட்டுமா மாத்தற முறை அதுல படத்தோட இருந்தது.

இந்த வேலை எப்படின்னு கொஞ்சம் சொல்றேன். எனக்குத் தையல் தெரியாது, அம்மா கிட்ட போன்ல கேட்டுக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டது. முதல்ல கத்தரிக்கோலைத் தொடவே கூடாது. பிளேடால ஒவ்வொரு தையலாப் பிரிக்கணும். லைனிங் தனி, கேன்வாஸ் தனி, மேல்துணி தனி. நூல் துணுக்கெல்லாம் பொறுக்கி, பிரஷ் போட்டு, ஈரத்துணி வெச்சு இஸ்திரி போட்டுப் படிய வைக்கணும். அப்புறம் துணியைத் திருப்பிப் பார்க்கணும். வெளிப்பக்கம் வெளுத்துத் தேய்ஞ்சிருக்கும். உள்பக்கம் வெயிலே படாம புதுசா இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நெசவா இருந்தா, உள்ளே இருந்ததை வெளியே வர வெச்சுத் தைச்சுடலாம்.

இதுக்கு 'டர்னிங்'னு பேரு. போருக்கு ரொம்ப முன்னாடியே ஐரோப்பாத் தையல்காரர்களுக்குத் தெரிஞ்ச வித்தை. நம்ம ஊர்லயும் சட்டைக் காலர் தேய்ஞ்சா 'காலர் திருப்பிக் குடுப்பா'ன்னு தையல்காரர் கிட்ட கொடுப்போமே, அதேதான். (எங்க அப்பா ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு தடவை காலர் திருப்பாம விடமாட்டார். கொசுவத்தி சுத்தறேன், மன்னிக்கவும்.) காலர்ல தெரியாது. முழுக் கோட்டையும் திருப்பினா மாட்டிக்குவீங்க. ஏன்னா மேல் பாக்கெட் இடது மார்புல இருக்கணும், திருப்பினா வலது மார்புக்கு வந்துடும். அந்தக் காலத்துல ஒருத்தர் கோட்டுப் பாக்கெட் வலது பக்கம் இருந்தா, ஓஹோ திருப்பின கோட்டுன்னு ஊர் புரிஞ்சுக்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஆம்பளை கோட்டுல காஜா இடது முன்பக்கத்துல, பொம்பளை கோட்டுல வலது முன்பக்கத்துல. ஆம்பளை கோட்டைத் திருப்பினா இடது முன்பக்கம் வலது முன்பக்கமாயிடும், காஜாவும் கூடவே போயிடும். அதாவது திருப்பின கோட்டு தானாவே பொம்பளை கோட்டு ஆயிடுது. போன்ல இதைச் சொன்னதும் அம்மா ரெண்டு நிமிஷம் சிரிச்சாங்க.

கால்சட்டையிலேருந்து ஸ்கர்ட்டு எடுக்கறது இன்னும் நுணுக்கம். கால்சட்டை மேலே அகலம், கீழே குறுகல். ஸ்கர்ட்டுக்கு நேர்மாறு. அதனால கால்களைப் பிரிச்சுத் தலைகீழாப் போட்டு வெட்டினா அளவு சரியா வரும். பாதம் இடுப்பாகும். பாக்கெட் இருந்த ஓட்டையை எந்த மடிப்புல ஒளிக்கறதுங்கறதுலதான் தையல்காரியோட சாமர்த்தியம். ஸ்வெட்டருக்கு வேற மாதிரி. ஒரு முனையைப் பிடிச்சு இழுத்து மொத்தத்தையும் பிரிச்சு, நாற்காலி முதுகுல சுத்தி, சிட்டமாக் கட்டி, அலசி, கீழே ஒரு கனத்தைத் தொங்கவிட்டுக் காயப்போட்டா நூலோட சுருள் போயிடும். திரும்பப் பின்னிக்கலாம்.

கை வேலை இவ்வளவுதான். மனசு வேலைதான் கஷ்டம். புருஷன் உயிரோட இருக்கான், லெட்டர் வருது. அவன் சூட்டை வெட்டறதுன்னா என்ன அர்த்தம்? இப்போதைக்கு வரமாட்டான்னு ஒத்துக்கறது. சில பேருக்கு, வரவே மாட்டான்னு நினைக்கறது. வெட்டின மறு மாசம் அவன் லீவுல வந்து நின்னா எதைப் போடுவான்? அரசாங்கம் அலமாரியைக் குடையச் சொல்லுது. அலமாரி எப்பவுமே ஒரு ஆளுக்குச் சொந்தமானதுங்கறது போஸ்டர்ல வராது. எல்லாரும் வெட்டியிருக்க மாட்டாங்கங்கறது என் நினைப்பு. பூச்சி உருண்டை போட்டுக் கட்டி வெச்ச பொம்பளைங்களைப் பத்தி யாரும் புத்தகம் போடமாட்டாங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். கூப்பன் எல்லாருக்கும் சமம், அலமாரி சமமில்லை. பணக்கார வீட்டுல இருபது வருஷத்துக்குத் தாங்கற கம்பளி அடுக்கி வெச்சிருப்பாங்க. வெட்டினாலும் பத்து வருஷம் ஓடும். ஏழை வீட்டுல இருந்ததே ரெண்டு செட்டு, அதுவும் மட்டமான துணி. மட்டமான கோட்டுக்கும் அதே கூப்பன், உயர்ந்த கோட்டுக்கும் அதே கூப்பன். ஒண்ணு ஆறு மாசத்துல இத்துப் போகும், இன்னொண்ணு போர் முடிஞ்ச பிறகும் நிக்கும். இந்தக் கோளாறைச் சரி பண்ணத்தான் 'யுடிலிட்டி' உடுப்புன்னு கொண்டுவந்தாங்க. தரமும் விலையும் அரசாங்கக் கட்டுப்பாட்டுல. சிசி41ன்னு ஒரு முத்திரை இருக்கும், ரெஜினால்ட் ஷிப் வடிவமைச்சது. ரெண்டு சி-யும் துண்டு வெட்டின பாலாடைக்கட்டி மாதிரி இருக்கும்ங்கறதால ஜனங்க அதுக்கு 'சீஸ்'னே பேர் வெச்சாங்க. நார்மன் ஹார்ட்நெல், ஹார்டி ஏமீஸ் மாதிரி பெரிய தலைகள் இதுக்கு மாதிரி வரைஞ்சு கொடுத்தாங்க. அந்த வகையில பாராட்டணும்.

ஆனா கந்தலுக்கு ஒட்டுப் போடறதை ஏழைப் பொம்பளைக்கு மந்திரி வந்து கத்துக்கொடுக்கணுமா? அவ பாட்டி காலத்துலேருந்து அதைத்தான் செய்யறா. நேத்து வரைக்கும் ஒட்டுப் போட்ட துணின்னா கேவலம், இன்னைக்கு அதே ஒட்டு தேசபக்தி. எங்க தெருவுல பழைய புடவையில பாவாடை தைச்சுப் போட்டா 'அம்மா புடவையா?'ன்னு கேக்கறவங்க எல்லாருக்கும் ஒரு மிஸஸ் ஸோ அண்ட் ஸோ போஸ்டர் ஒட்டியிருக்கலாம்.

1942ல் வந்த சிக்கன விதிகள் இன்னொரு கூத்து. இத்தனை பாக்கெட்டுக்கு மேல கூடாது, இத்தனை பட்டனுக்கு மேல கூடாது, பாவாடைக்கு இத்தனை மடிப்புதான். ரெண்டு வரிசைப் பட்டன் கோட்டு தடை. கால்சட்டை நுனியில மேல் மடிப்பு தடை. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் ஆம்பளைங்க கொதிச்சாங்க. பட்டினி, குண்டு எல்லாம் பொறுத்துக்கிட்டவன் பேண்ட் மடிப்பை விட்டுத்தர மாட்டேங்கறான்! நீளமா ஒரு பேண்ட்டை வாங்கி வீட்டுல மனைவியை விட்டு மடிச்சுத் தைக்கச் சொன்னவங்க ஏராளம். 1944ல் ஆம்பளை உடுப்பு மேல இருந்த தடையை நீக்கிட்டாங்க.

இங்கேருந்து எதிர்ப்பக்கம் போவோம். ஜெர்மனி பிரிட்டனுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே, 1939 நவம்பர்ல துணி ரேஷன் அட்டை கொடுத்தது, 100 புள்ளி. அங்கேயும் பழசுலேருந்து புதுசு தை, ரெண்டை ஒண்ணாக்குன்னு பிரசாரம். பத்திரிகைகள்ல இதே மாதிரி படம், இதே மாதிரி கத்தரிக்கோல். ஆனா 1940 தொடக்கத்துல யூதர்களுக்கு அந்த அட்டை கிடையாதுன்னு ஆச்சு. இருக்கறதை வெச்சு ஒப்பேத்தறதைத் தவிர அவங்களுக்கு வேற வழியே இல்லை. 1942 ஜனவரியில அவங்க கிட்ட இருந்த கம்பளியையும் ரோம உடுப்பையும் ஒப்படைக்கச் சொன்னாங்க. நடுக் குளிர்காலத்துல.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனா துணிக்கு என்ன ஆச்சுன்னு நான் லேட்டாத்தான் படிச்சேன். ஹெல்ம்னோ கொலைமுகாம்ல கொல்லப்பட்டவங்களோட துணிமணியை லாட்ஜ் நகர கெட்டோ நிர்வாகம் சேகரிச்சு, தரம் பிரிச்சு, ஜெர்மானிய ஏழைகளுக்குக் கொடுக்கறதுக்காகக் குளிர்கால நிவாரண அமைப்புக்கு வித்தது. 1943 ஜனவரியில போஸ்னான்லேருந்து அந்த நிவாரண அமைப்பு ஒரு புகார்க் கடிதம் அனுப்புது. துணி அழுக்கா இருக்கு, ரத்தக்கறை இருக்கு, பல கோட்டுல யூத நட்சத்திரத்தை எடுக்கவே இல்லைன்னு. அவங்க குறை அதுதான். தையலைச் சரியாப் பிரிக்கலைங்கறது.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. பிளேடால நட்சத்திரத்தைப் பிரிச்ச இடத்துல, மேல்துணி வெளுத்து, அடியில மட்டும் நட்சத்திர வடிவத்துல பழைய கலர் நின்னிருக்கும். அதைப் போட்டுக்கிட்டவங்க யாராவது கவனிச்சிருப்பாங்களா?

நம்ம பக்கமும் அதே வருஷங்கள்தான். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், நம்ம பின்னி மில், ராணுவத்துக்குக் காக்கி நெய்தது. இந்திய ராணுவத்துல மட்டும் போர் முடியும்போது 25 லட்சம் பேர். அவங்களுக்கும், மத்திய கிழக்குக்கும் துணி போனது போக மீதிதான் ஊருக்கு. விலை பல மடங்கு ஏறி, 1943 ஜூன்ல துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. வங்காளத்துல பஞ்சம். அங்க வீட்டை விட்டு வெளிய வரத் துணியில்லாம பொம்பளைங்க உள்ளேயே கிடந்தாங்க. அலமாரியைக் குடைன்னு அவங்க கிட்ட யாரும் போஸ்டர் ஒட்டலை. இலண்டன்ல மடிப்பு போச்சேன்னு அழுதவங்களை நினைச்சா கொஞ்சம் கோபம்தான் வருது. சரி, அவங்கவங்க குளிர் அவங்கவங்களுக்கு.

கல்யாண உடுப்பு பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. கூப்பன்ல வெள்ளைக் கவுன் வாங்கறது நடக்காத காரியம். அம்மாவோட கவுனைப் பிரிச்சுத் தைச்சாங்க, இரவல் வாங்கினாங்க. நம்ம காலேஜ் நாள்ல ஒளிச்சு வெச்சுப் படிச்ச காதல் நாவல் பார்பரா கார்ட்லாண்ட் இருக்காங்களே, அவங்க பழைய கல்யாண கவுன்களைச் சேகரிச்சு, ராணுவத்துல வேலை பார்த்த பெண்களுக்கு இரவல் கொடுக்க ஏற்பாடு பண்ணினாங்க. அந்த அம்மா மேல எனக்கு இருந்த இளக்காரம் அன்னையோட போச்சு.

பாராசூட் துணி இன்னொரு பொக்கிஷம். போர் நடக்கறப்ப அதைத் தொட்டா குற்றம். 1945ல் மிச்சமான பாராசூட் பட்டும் நைலானும் கூப்பன் இல்லாமக் கடைக்கு வந்துது. பிரச்சினை என்னன்னா, ஒவ்வொரு துண்டும் நீள முக்கோணம். மேலே கூர், கீழே அகலம். சட்டைக்கு உதவாது. கவுனுக்கு அதைவிடப் பொருத்தம் வேற கிடையாது, கூர்முனை இடுப்புக்கு, அகலம் பாதத்துக்கு. வானத்துலேருந்து ஆளை இறக்க வெட்டின துணி, கல்யாணப் பொண்ணுக்கு வெட்டின மாதிரியே இருந்திருக்கு. உள்பாவாடை, ரவிக்கை மாதிரி உள்ளாடைன்னு அதுல தைக்காதது இல்லை.

1947 நவம்பர் 20 எலிசபெத் இளவரசி கல்யாணம். அப்பவும் ரேஷன். ஊர் பூரா பொம்பளைங்க தங்களோட கூப்பனைக் கிழிச்சு இளவரசிக்கு அனுப்பினாங்க. ஒருத்தர் கூப்பனை இன்னொருத்தர் உபயோகிக்கறது சட்டவிரோதம்ங்கறதால எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் கல்யாணத்துக்கு நம்ம காந்தி அனுப்பின பரிசு, தன் கையால நூத்த நூல்ல பின்னின ஒரு துணி. கூப்பன் தேவைப்படாத துணி :-) துணி ரேஷன் ஒருவழியா முடிஞ்சது 1949 மார்ச் 15.

இப்ப அந்த சூட்டுக்கு வர்றேன். போர் முடிஞ்சு திரும்பின ஒவ்வொரு ஆம்பளைக்கும் அரசாங்கமே ஒரு செட்டு உடுப்பு கொடுத்தது. சூட்டு, சட்டை, டை, மழைக்கோட்டு, தொப்பி, ஷூ. 'டிமாப் சூட்'னு பேரு. அவசரத்துல தைச்சதால அளவு பொருந்தாம தொளதொளன்னோ, அக்குளைப் பிடிச்சோ இருக்கும். அதை வெச்சு அந்தக் காலத்து நகைச்சுவைக்காரங்க ரொம்ப நாள் பொழைச்சாங்க. சீருடையிலேருந்து வந்த பெண்களுக்கு உடுப்பு கிடையாது, கூப்பனும் பணமும்தான். அவங்களே பார்த்துக்குவாங்கன்னு அரசாங்கத்துக்கு நம்பிக்கை போல.

அப்ப, அந்த மனைவி சூட்டை வெட்டியிருந்தாலும் அவன் அம்மணமா நிக்கப் போறதில்லை. ஆனா அவனுக்கு அந்தப் பழைய சூட்டே வேணும்னு இருந்திருந்தா? கதவைத் திறந்தவ மேல தன்னோட கோட்டைப் பார்த்து அவனுக்கு என்ன தோணியிருக்கும்? சிரிச்சிருப்பானா? வெட்டாம வெச்சிருந்தவங்க வீட்டுல, ஆறு வருஷத்துல இளைச்சுப் போய் வந்தவனுக்கு அந்தக் கோட்டு தோள்லேருந்து வழிஞ்சிருக்கும்.

போன மாசம் அம்மாவுக்கு போன் பண்ணி "பிரிச்சுடுங்க"ன்னேன். "ஏன்டா திடீர்னு?" பெருசா காரணம் சொல்லலை. பொண்ணுக்கு நிஜமாவே கோட்டு வேணும், இங்க குளிருதுன்னேன். பெங்களூர்ல பெரிய குளிர் ஒண்ணும் இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்ப அம்மா கூடத்துல பாய் விரிச்சு உக்காந்து பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. பாதி பிளேடை ஒரு பக்கம் துணி சுத்திப் பிடிச்சுக்கிட்டு. ஒரு தையல்கூட அறுந்து துணியில ஓட்டை விழலை. லைனிங் ஒரு பக்கம் மடிச்சு வெச்சாச்சு. பக்கவாட்டுத் தையலைப் பிரிச்சதும் உள்ளே ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அங்குலம் மடிச்சு விட்டிருந்தது தெரிஞ்சுது. "மாப்பிள்ளை சதை போடுவார்னு விட்டிருக்கான் டெய்லரு. எங்க போட்டார்!"ன்னாங்க.

அப்புறம் வெளுத்த முன்பக்கத்தைத் திருப்பி மடியில போட்டாங்க. உள்பக்கம் அப்படியே அடர்ந்த காப்பிப்பொடிக் கலர். கொஞ்ச நேரம் கையை எடுக்கலை.

"ரிசப்ஷன்ல இந்தக் கலர்லதான்டா நின்னாரு"ன்னு சொல்லிட்டு அடுத்த தையலைப் பிரிக்க ஆரம்பிச்சாங்க.